பத்து கிலோமீட்டர் தாங்கும்

“நீயெல்லாம் ஒரு செக்கர்!” என்றாள் சுவாதி.

கிருஷ்ணகிரி ஸ்டேடியத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுகுணாவின் இடது ஷூ வாயைப் பிளந்து கிடந்தது.

பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால் மெடல். இவர்கள் வந்து சேர்ந்தபோது மெடல் மேஜையையே மடித்துவிட்டார்கள்.

மூவருக்கும் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தைத்து ஒட்டி வரும் ஷூக்களைச் சோதித்துப் பார்க்கும் செக்கர் சுகுணா. போன வருடம், முப்பத்திரண்டு வயதிலேயே சுவாதிக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொன்னார். அம்மாவுக்குக் காலில் பட்ட சின்னப் புண் ஆறாமல் விரலையே எடுத்ததைப் பார்த்தவள், மறுபேச்சில்லாமல் நடந்தாள். துணைக்கு வந்த சுகுணாவும் ஃபிசாவும் நடையை ஓட்டமாக்கிவிட்டார்கள். சேர்ந்தே ஓடுவது, சேர்ந்தே முடிப்பது என்று பேச்சு.

ஏழாவது கிலோமீட்டரில் சுகுணாவின் ஷூ பிய்ந்தது. ஃபிசாவின் ஹேர்பேண்டைப் போட்டுக் கட்டினார்கள். அதுவும் அறுந்தது. அப்புறம் நடைதான்.

“மெடலோட வர்றேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்டி. ‘நீ பஸ் புடிக்கக்கூட ஓடமாட்டியே’ன்னு அவரு சிரிச்சாரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?” சுவாதிக்கு அழுகை வந்துவிட்டது.

“விடுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள் ஃபிசா.

“எப்படி விடறது? கட்டை விரல வச்சி ஒரு அமுக்கு அமுக்குனா, பசை புடிச்சிருக்கா இல்லியான்னு சொல்லிடுவா இவ. எத்தனை ஜோடிய எங்க லைனுக்கே திருப்பி அனுப்பியிருக்கா!”

அது உண்மைதான். கறை பட்டதென்று கழித்துப்போட்ட வெள்ளை ஷூக்களில் ஆளுக்கொரு ஜோடியை சூப்பர்வைசர் நேற்றுதான் கொடுத்தார். ஃபிசாவுக்கு ஐந்தாம் சைஸ், மற்ற இருவருக்கும் ஆறு. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், ஷூ நாக்கின் உள்பக்கம் அவரவர் கம்பெனி டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். “ஒருவாட்டி பாத்துட்டு எடுத்தாறேன்” என்று மூன்று ஜோடியையும் சுகுணாதான் வீட்டுக்குக் கொண்டுபோனாள். விடிவதற்குமுன் அவசர அவசரமாக எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

“எங்க ரெண்டு பேருதயும் பாத்தியே, உன்னுத பாக்கலியா?”

“பாத்தேன். பத்து கிலோமீட்டர் தாங்கும்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சே போட்டுக்கிட்டு வந்தியா? உனக்கு விளையாட்டு. எனக்கு மெடல் போச்சு!”

சுகுணா மெதுவாக சாக்ஸைக் கழற்றினாள். பாதத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

“அய்யோ, என்னாடி இது!” என்று பதறினாள் ஃபிசா.

“ஒண்ணுமில்ல. எனக்கு ரெண்டு நாள்ல ஆறிடும்.”

சுவாதிக்குக் கோபம் தணியவில்லை. “இத இன்னும் எதுக்கு வச்சிருக்க?” என்று பிய்ந்த ஷூவைக் குப்பைத்தொட்டியில் போட எடுத்தாள்.

“குடு, நானே போட்டுக்கறேன்.” சுகுணா அவசரமாகக் கை நீட்டினாள்.

அதற்குள் ஷூவின் நாக்கு வெளியே மடங்கியது. அதன் உள்பக்கம், நேற்று சுவாதி தன் கையாலேயே எழுதிய தன்னுடைய டோக்கன் நம்பர் இருந்தது.