திறக்காத ஃபோல்டர்

கிட்ட வாங்க கண்ணுகளா, பள்ளிபாளையத்துச் சண்டை ஒன்றைச் சொல்கிறேன்.

அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பித் தனித்தனியே தறி ஓட்டினார்கள். தன் சேலை டிசைன் தம்பி தறியிலும் ஓடுவதை அண்ணன் பாலசுந்தரம் பார்த்துவிட்டார்.

"திருட்டு நாயே!" இரும்புக் கம்பியால் தம்பி கௌதமனின் மண்டையில் அடித்தார். ரத்தம் கொட்டியது.

"அண்ணா, ஒரு பேச்சுக் கேளுங்க..."

அடுத்த அடிகள் தம்பியின் கம்ப்யூட்டரில் விழுந்தன. அது தூளாகும்வரை அவர் நிறுத்தவில்லை.

தன் ஆபீசுக்குத் திரும்பினால், டிசைனர் ஷாலினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஏனுங்க, டிசைன் ஃபோல்டர் திடீர்னு திறக்க மாட்டேங்குதுங்க."

"நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறது எப்படித் திறக்காம போகும்?"

"அது சின்னவர் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க. அவர் வரையறதை நெட்வொர்க் வழியா நாம எடுத்துக்கறோம். 'அண்ணன்கிட்டச் சொல்லிடாதே, ரோசத்துல வேண்டாம்னுருவாரு'ன்னாருங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடைசிவரை ஒருவர்மேல் ஒருவர் கைநீட்டாமல் நல்லா இருக்கணும், சாமி.