சிப்பித் தூள்

இன்றைக்கும் தோல்முட்டைதான்.

கையில் எடுத்தால் அமுங்கியது. ஓடு என்று பேருக்குக்கூட இல்லை. வெறும் தோலுக்குள் மஞ்சள் கரு ஆடுவது தெரிந்தது.

கூட்டைச் சாத்திவிட்டு நாலு கோழிகளையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். தின்பது மட்டும் மூக்குமுட்டத் தின்கிறதுகள். முட்டை என்று வந்தால் இந்த லட்சணம்.

கடையில் முட்டைக்கா பஞ்சம் என்கிறார் ஜெர்லின் அப்பா. விடியுமுன் படகேறிப் போகிற மனுஷருக்கு வீட்டு நிலைமை என்ன தெரியும்? மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. அதற்குள் அவளைத் தேற்ற வேண்டும். நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து, நல்லெண்ணெய் விட்டுத் தினமும் ஒன்று கொடுத்தால்தான் உடம்பு பிடிக்கும். எனக்கு என் அம்மா அப்படித்தான் கொடுத்தாள்.

மாப்பிள்ளை அனிஷுக்குக் கப்பலில் வேலை. போன வருஷம் நிச்சயம் முடிந்த கையோடு ஏறியவர், இனிக் கல்யாணத்துக்குத்தான் இறங்குகிறார்.

அவருடைய அம்மா போன வாரம் வந்திருந்தார். ஜெர்லின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பிள்ள என்ன இப்படி வத்திப்போய்க் கெடக்கா? அவன் வந்து பாத்தா என்னையில்லா ஏசுவான்" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

நான் என்ன வஞ்சகமா செய்கிறேன்? இவள்தான் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். முட்டையை நீட்டினால் வாடையே குமட்டுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். அதற்கும் கோழிகளைத்தான் ஏசினேன். தோல்முட்டையைக் கண்டால் யாருக்குத்தான் குமட்டாது?

பக்கத்து வீட்டு இசபெல்லாதான் வழி சொன்னாள். கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து பத்தவில்லையாம். சிப்பியை இடித்து வைத்தால் ஓடு கெட்டிப்படுமாம். திரேஸ்புரத்தில் சிப்பிக்கா குறைச்சல்? கடற்கரையில் ஒரு சாக்கு அள்ளிவந்து, உரலில் இடித்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் சிரட்டை காலி.

பரவாயில்லையே, தின்கிறதுகளே என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அதுவும் காலி. முட்டை மட்டும் அதே தோல்முட்டை. கடற்கரையையே அள்ளிக் கொட்டினாலும் இந்தச் சனியன்களுக்கு ஓடு பிடிக்காது போலிருக்கிறது.

கேட்டுவிட்டு இசபெல்லா சுவருக்கு அந்தப்பக்கம் நின்று சிரித்தாள்.

"ஏளா பிளாரன்ஸ், நீ வைக்குத, சரி. கோழி திங்குதான்னு பாத்தியா? பெருச்சாளி கொண்டுபோவுதோ என்னமோ."

நியாயமான பேச்சு. எனக்கு ஏன் தோன்றவில்லை?

அதனால் இன்று கோழிகளைத் திறந்துவிடாமலே சிரட்டை நிறையத் தூளை வைத்துவிட்டு, குளிக்கிற இடத்துத் தகர மறைப்புக்குப் பின்னால் விளக்குமாறோடு நின்றேன். பெருச்சாளி மட்டும் வரட்டும், ஒரே போடு.

புறவாசல் கதவு மெதுவாகத் திறந்தது.

ஜெர்லின்.

இரண்டு பக்கமும் பார்த்தாள். சிரட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள். கூட்டைத் திறந்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கை நிறையத் தூளை அள்ளினாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

நறநறவென்று மெல்லுகிற சத்தம் மறைப்பு வரைக்கும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சோற்றை நான் ஊட்டினாலும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது. இன்னொரு கை அள்ளினாள். உதடெல்லாம் வெள்ளை.

மாதாவே.

இவள் வயிற்றில் இருந்தபோது நான் அடுப்புச் சாம்பலை இப்படித்தான் அள்ளித் தின்றேன். மாமியார் பார்த்துவிட்டு, மருமகளுக்கு மசக்கை என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அனிஷ் கப்பலேறி வருஷம் ஆகிறது.

ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிடவா? கட்டிக்கொள்ளவா? ஜெர்லின் அப்பா மத்தியானம் கரைக்கு வந்துவிடுவார். அவரிடம் எந்த வாயால் சொல்ல?

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது, என் மகளுக்கு என்ன தடை என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை அறிந்தவளாக இப்போது நான் ஒருத்தி இருக்கிறேன்.

ஜெர்லின் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வெளியே வந்தேன். சுவருக்கு மேலே இசபெல்லாவின் தலை.

"என்னளா, பெருச்சாளிதானா?"

"ஆமா" என்றேன். "பெருச்சாளிதான்."

கூட்டுக்குள் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. திறந்துவிட்டேன். அதுகளை ஏச வாய் வரவில்லை.

சாக்கில் மிச்சமிருந்த சிப்பியைக் கொட்டினேன். மண் போக நாலு தண்ணீரில் கழுவினேன். பிறகு உரலில் போட்டு, பல்லில் குத்தாத அளவுக்கு நைசாக இடித்தேன்.