கெண்டைக்காலில் நின்ற கை

இடுப்பு ஆபரேஷன் முடிந்த தையல்காரரை இன்று நடக்க வைக்க வேண்டும். காலை வெயில் பயிற்சிக் கம்பிகளில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பெண் குனிந்து அவர் கெண்டைக்காலைத் தொடுகிறாள். கை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் கால் மட்டும் வீங்கி, அனலாகச் சுடுகிறது. "இப்ப நடக்க வேணாம் ஐயா. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்குமோன்னு தோணுது, டாக்டர் பாக்கட்டும்" என்கிறாள். "நடக்க வைக்கத்தானே நீ இருக்கே? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு" என்று பக்கத்தில் நிற்கும் அவர் மகள் சீறுகிறாள். பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் காது மடல் சிவக்கிறது. எழ முயலும் தையல்காரரின் தோளை மெல்ல அழுத்தி உட்கார வைத்தபடியே போனில் டாக்டரை அழைக்கிறாள். வந்து பார்த்த டாக்டரின் முகம் மாறுகிறது. "உடனே ஸ்கேன் எடுக்கணும். நடக்க விடாதது நல்லதாப் போச்சு, நடந்திருந்தா ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்." ஸ்ட்ரெச்சர் நகர்கிறது. அப்பாவின் செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் போகும் மகள், வாசலில் தயங்கி பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் பக்கம் திரும்புகிறாள். "நீங்களும் கூட வாங்களேன்" என்கிறாள்.