இருபத்தேழாம் நம்பர்

"யாரு இந்த இருபத்தேழாம் நம்பர்?"

தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் வெளியே தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப் என்று ஆனார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தில் சாய்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்த டேப்லெட்டை நகர்த்திவிட்டு, அறிக்கைத் தாளை மூன்றாம் வகுப்பு டீச்சர் முன்னால் வீசினார்.

பாடத்தை டீச்சர் நடத்துவது, கணக்கைப் பிள்ளைகள் டேப்லெட்டில் போடுவது என்று புதுத் திட்டம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தப்பாகப் போட்டாலும் முகத்துக்கு நேரே ஒரு நட்சத்திரத்தைக் காட்டும் அந்தப் பொல்லாத டேப்லெட். மாதக் கடைசியில் அறிக்கையில் போட்டுக்கொடுத்துவிடும். இந்த மாதம் சிவப்பில் வந்தவர்கள் இரண்டு பேர். எட்டாம் நம்பர், இருபத்தேழாம் நம்பர்.

"ரெண்டையும் திங்கட்கிழமையிலிருந்து ரெண்டாம் வகுப்புல உட்கார வைங்க."

டீச்சர் விடவில்லை. "சார், எட்டு நம்ம வாயாடி. நான் போர்டுல கணக்கை எழுதி முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவா. இந்த டேப்லெட் ஒன்றாம் இடத்தை முதல்ல தட்டச் சொல்லுது. அவ நோட்டுல எழுதற மாதிரியே தட்டறா. எண்பத்திரண்டு இருபத்தெட்டா ஆயிடுது. கீழ் வகுப்புக்கு அனுப்பினா அந்தப் புள்ள ஒடிஞ்சு போயிடும் சார்."

"மெஷினுக்கு அவ மேல என்ன பகையா? கணக்குத் தெரிஞ்சவங்க எதுல போட்டாலும் சரியாத்தான் போடுவாங்க. முப்பது வருஷக் கணக்கு வாத்தியார் நான். எங்கிட்டயே கதை விடறீங்க!"

"கதை இல்ல சார், தட்டற முறை தெரியலன்னா யாரா இருந்தாலும்…"

"போதும்! இருபத்தேழுக்கு என்ன சாக்கு சொல்லப் போறீங்க?" தாளை விரலால் குத்தினார். "நாற்பது கணக்குல முப்பத்தொண்ணு தப்பு! மூவேழு பன்னிரண்டாம்! மத்த பிள்ளைங்க சாப்பிடற நேரத்துலகூட உட்கார்ந்து தப்புத் தப்பாப் போட்டிருக்கு. இந்த மண்டைக்கு எதுக்கு மூணாம் வகுப்பு?"

டீச்சர் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். நம்பரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

"சார், இந்த நம்பர் வந்து…"

"ஒண்ணும் பேசாதீங்க. யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் எனக்குக் கவலையில்ல!"

பேனாவை எடுத்துப் பரபரவென்று எழுதினார். 'எண் 27. அடிப்படைக் கணக்கே தெரியவில்லை. உடனே இரண்டாம் வகுப்புக்கு மாற்றவும்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"பேரைச் சொல்லுங்க, எழுதணும். வீட்டுல பெரியவங்களையும் வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை நல்லாக் கேக்கணும்."

டீச்சர் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"என் வகுப்புல மொத்தமே இருபத்தாறு பிள்ளைங்கதான். இருபத்தேழு, உங்க டேப்லெட் சார்."