நூற்றுக்கு நாற்பத்தாறு

“ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“ஒண்ணா ரெண்டா?” என்றாள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். “கணக்கு மிஸ்ஸுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பக்கத்து சீட்டுக்காரி நாலு நாளா பேசறதில்லை.”

“ஏன்?”

“அவ பாட்டு நல்லா இல்லைன்னு உண்மையைச் சொல்லிட்டேன்.”

நர்ஸ் ‘அடிக்கடி’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை, பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. மதிப்பெண் கூடினால் பிள்ளை நன்றாக இருக்கிறது. குறைந்தால் உடனே டாக்டருக்குத் தகவல் போகும்.

“வீட்ல எப்படி?”

“தம்பி என் பேனா மூடியை எல்லாம் கடிச்சு வைக்கிறான். கேட்டா என்னோட மல்லுக்கு நிக்கிறான். அப்பாவும் அவன் கட்சி.”

“கோபம் வருமா?”

“வராத நாளே இல்லை.”

“தூக்கம்?”

“எங்கே? ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தேன். அதையே நினைச்சு நேத்து ரொம்ப நேரம் முழிச்சுக் கிடந்தேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேள்விக்குக் கேள்வி அந்தச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. பெத்த மனம் பித்து என்பார்கள். இவளுக்கு அது கல்லாக அல்லவா இருக்கிறது?

“சிரிக்கிற விஷயமாம்மா இது?” மதிப்பெண்ணைக் கூட்டி, தாளைத் திருப்பிக் காட்டினாள். “உடம்பு நல்லாத் தேறியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ‘ஸ்கூல், தோழிகள், வீடு’ங்கற பகுதியைப் பாருங்க. போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. இப்போ நாப்பத்தாறு! ரெண்டு மாசம் ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம்னு டாக்டருக்கு எழுதறேன். வீட்லயே நிம்மதியா இருக்கட்டும்.”

பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு மாத்திடறேன். மிஸ் ரொம்ப நல்லவங்க. தம்பி தங்கம். அவ பாட்டுகூடப் பரவாயில்லை. ஸ்கூலை மட்டும் நிறுத்திடாதீங்க!”

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“போன வருஷப் பேப்பரை ஒரு தடவை படிங்களேன்” என்றாள் நர்ஸிடம்.

நர்ஸ் ஃபைலைப் புரட்டி எடுத்துப் படித்தாள். “ஸ்கூல்ல மிஸ் திட்டறாங்களா? இல்லை. தோழிகளோட சண்டை? இல்லை. வீட்ல சண்டை? இல்லை... எவ்வளவு நல்லா இருந்திருக்கா!”

“வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்ல கிடந்தா. மத்த நாள் கட்டில்ல” என்றாள் அம்மா. “ஸ்கூல் வாசலையே மிதிக்கலை. அப்புறம் எந்த மிஸ் திட்டுவாங்க? எந்தத் தோழி கோவிச்சுக்குவா? ‘அக்காவுக்கு முடியலை’ன்னு தம்பி கிட்டவே வரமாட்டான். அப்பா குரலை உயர்த்த மாட்டார். நீங்க சொல்ற அந்தத் தொண்ணூத்தெட்டைப் பார்த்துட்டு, வெளியே வராந்தாவுல நின்னு அழுதேன்ம்மா.”

நர்ஸ் டாக்டருக்கு எழுத எடுத்த சீட்டை மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். பிறகு, பெற்றோர் நிரப்ப வேண்டிய தாளை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

“பொண்ணைப் பத்தி உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா, கடைசிக் கட்டத்துல எழுதுங்க.”

அம்மா யோசிக்கவே இல்லை. மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

‘வாய் ரொம்ப நீளம். குறையாம இப்படியே இருக்கணும்.’