யார் வீட்டு விசில்?

சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றி, முனீஸ்வரி நீட்டிய தாளின் இடது ஓரத்தில் நெட்டுக்கு ஒரு கோடு போட்டேன். தல்லாகுளம் ஆபீஸில் என் மேசைக்கு வரும் எந்தக் கோப்பும் அந்தக் கோடு வாங்காமல் மேலே போனதில்லை.

“பொருள், பார்வை ரெண்டையும் காணோமே?” என்றேன்.

“இது ஆபீஸ் கோப்பு இல்லங்க. குக்கர்ல சோறு வைக்கிறதுக்குக் கையேடு. அதுல எழுதியிருக்கிறபடி நீங்க செஞ்சு பாக்கணும், அம்புட்டுதான்.”

முனீஸ்வரி என் மனைவி. நாற்பத்தோரு வயதில், சென்னைக் கல்லூரி ஒன்று ஆன்லைனில் நடத்தும் டெக்னிகல் ரைட்டிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் புரியும்படி எழுதச் சொல்லித்தரும் படிப்பு. போன வருடம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியது நான் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க, பயன்படுத்தியது அவள்.

இந்தக் கையேடுதான் கடைசித் தேர்வு. தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் மிக்ஸி, குக்கர் செய்யும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கும் வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன், நான் வேண்டாம் என்று சொன்னதற்காக டீச்சர் வேலையை விட்டவள் அவள். அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அதனால், தெருவில் இத்தனை பேர் இருக்க, கையேட்டை என்னிடம் கொண்டுவந்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருட ஆபீஸ் அனுபவத்துக்கு உள்ள மரியாதை வேறு யாருக்கு வரும்?

“ஒண்ணு சொல்லிர்றேன். நீங்க என்ன கேட்டாலும் நான் பதில் சொல்ல மாட்டேன்” என்றாள். நேரம் குறிக்க என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

‘அரிசியை மூன்று முறை கழுவவும்’ என்றிருந்தது. கழுவினேன். தண்ணீரோடு ஒரு கைப்பிடி அரிசியும் தொட்டிக்குள் போனது. போகக் கூடாது என்று எழுதவில்லையே? சிவப்பில் குறித்தேன். அவளும் நோட்டில் என்னவோ எழுதினாள்.

‘அடுப்பைப் பற்ற வைக்கவும்.’ குமிழைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடி ஹாலுக்குப் போனேன். பேசமாட்டேன் என்றவள் பேசாமலே ஓடிவந்து குமிழை மூடி, ஜன்னலைத் திறந்தாள். பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய் எழுதினாள்.

“லைட்டர் எங்க இருக்குன்னு போடல. அது பெரிய குறை” என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பணிவாகத் தலையாட்டினாள். ஆபீஸில் ஒருவரும் அப்படி ஆட்டியதில்லை.

குக்கரை ஏற்றியாயிற்று. ‘மூன்று விசில் வந்ததும் அணைக்கவும்.’ நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணினேன். மூன்று வந்ததும் அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால், அரிசி அரிசியாகவே தண்ணீருக்கடியில் கிடந்தது.

“மூணு விசில் வந்துச்சா, இல்லையா?” என்றேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தாள். “மொத விசில் பக்கத்து வீட்டு மாயக்காளுது. ரெண்டாவது மாடிவீட்டு செல்லத்தாயுது. மூணாவதும் மாயக்காளுது. நம்ம குக்கர் இன்னும் சூடே ஏறல.”

ஆனையூர் ஹவுசிங் போர்டு வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் விசிலுக்கா பஞ்சம்? ‘எவருடைய குக்கரின் விசில் என்று தெளிவுபடுத்தப்படவில்லை’ என்று எழுதி, அடிக்கோடு போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மொத்தம் பதினோரு குறை. ‘திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாவம், இந்தத் தடவை தேறமாட்டாள் என்று வருத்தமாக இருந்தது. அன்று மதியச் சாப்பாடு ஹோட்டல் பார்சல்.

திருத்திய கையேட்டையும் தன் நோட்டில் எழுதியதையும் அவள் அனுப்பிவைத்தாள். அடுத்த ஞாயிறு, பாடம் நடத்தும் ஸ்வப்னா மேடம் கம்ப்யூட்டர் வழியாகப் பேசினார். நான் சட்டை மாட்டிக்கொண்டு முனீஸ்வரியின் பின்னால் நின்றேன். என்னைக் கேட்டால், ‘சின்னப் பிழைகள்தான் மேடம், மன்னிக்கலாம்’ என்று சிபாரிசு செய்யத் தயாராக இருந்தேன்.

“பதினோரு தப்பு கண்டுபிடிச்சு, பதினொண்ணையும் திருத்தியிருக்கீங்க. அந்த விசில் விஷயம் எனக்கே தோணினதில்ல” என்றது ஸ்பீக்கர். “நீங்க பாஸ், முனீஸ்வரி. வகுப்புலயே முதல் மார்க்!”

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எல்லாம் என் சிவப்பு மை செய்த வேலை.

“விவரமே தெரியாத ஒருத்தரை வெச்சுத்தான் சோதிக்கணும்னு சொல்லியிருந்தேன்” என்று மேடம் தொடர்ந்தார். “மத்தவங்களுக்கு அப்படி ஆளே கிடைக்கல. ஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, பசங்க தாங்களாவே சோறு வெச்சுட்டாங்க. உங்களுக்கு மட்டும் இப்படி ஒரு ஆள் எப்படிம்மா கிடைச்சார்?”

முனீஸ்வரி என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

“எங்க வீட்ல பாத்துக் கட்டி வச்சாங்க மேடம்.”