அழித்த எழுத்து

"க்கும்!"

கல்யாணத் தரகர் தொண்டையைச் செருமிய அந்தச் சத்தம் ஹேமாவதிக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், சித்திக்கு வரன் பேச வருவார். காப்பியைக் குடிப்பார். மழையைப் பற்றிப் பேசுவார். வைகை அணைத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார். பிறகு ஒரு செருமல். அடுத்த கேள்வி என்னவென்று வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"நீங்க... என்ன ஆளுக?"

அதனால்தான் அல்லிநகரத்தில் பாண்டீஸ்வரன் நடத்தும் வரன் தேடும் செயலியின் ஆபீஸ் வாசல் பலகை அவளுக்கு அவ்வளவு பிடித்தது. 'நாங்கள் சாதி கேட்பதில்லை!' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பழனிசெட்டிபட்டியில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஹேமாவதி, தம்பி முத்துராஜாவின் பெயரை அதில் பதிந்தாள். செயலியின் டேட்டாவைப் புதிய முறைக்கு மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டாள்.

"பழசுல என்னம்மா கோளாறு?" என்று கேட்டார் பாண்டீஸ்வரன்.

"பழசுல ஆளுக்கொரு மூட்டை சார். மூட்டைக்கு மேல ஒரு சீட்டு. சீட்டு நம்பரைச் சொன்னா மூட்டை வந்துரும். ஆனா, 'கம்பத்துப் பக்கம், டீச்சர் வேலை, முப்பது வயசுக்குள்ள'ன்னு கேட்டா அத்தனை மூட்டையையும் அவுத்துக் கொட்டணும். எஸ்.க்யூ.எல்.ங்கிற புது முறைக்கு மாத்திட்டா ஊரு, வேலை, வயசு எல்லாம் தனித்தனிக் கட்டத்துல உக்காந்துரும். கேட்டதும் வரும்."

"அப்ப மாத்திருவோம். எம் மகன் தமிழ்மாறனும் ஒரு மூட்டைக்குள்ளதான் கெடக்கான். சீக்கிரம் அவுத்துவிடு தாயி."

மூட்டைகளை அவிழ்க்கும்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு சீட்டிலும் நம்பருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து. ஏ, பி, சி என்று எஃப் வரைக்கும். 'பி'க்கு 'பி'யை மட்டுமே காட்டியது செயலி. 'எஃப்'புக்கு 'எஃப்' மட்டும்.

"இது என்ன சார்?"

பாண்டீஸ்வரன் கூச்சப்படவில்லை.

"நாம கேக்குறதில்லையேம்மா! ஆபீஸ் புள்ள போன்ல ஊரு, தெரு, குலசாமி மட்டும் விசாரிக்கும். அதுவா எழுத்தப் போட்டுக்கிரும். வாயத் தொறந்து கேட்டாத்தான தப்பு?"

"அதுல ஏ, பி, சி-ன்னு வரிசை வேறயா?"

"வரிசையெல்லாம் இல்ல. சும்மா அடையாளம். நீயும் நம்ம 'பி'தான் தாயி."

அந்த 'நம்ம'வில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசல்ல ஒண்ணு, சீட்டுல ஒண்ணா? வெக்கமா இல்ல சார்? புதுசுல வெறும் நம்பர்தான். எழுத்து வராது. பழசையும் அடியோட அழிச்சிருவேன். சம்மதமில்லேன்னா வேற ஆளப் பாருங்க."

"வேற ஆளுக்கு நான் எங்கன போவேன்?" பாண்டீஸ்வரன் கும்பிட்டார். "அழிச்சிரு தாயி."

வேலை முடிந்த அன்றைக்கே ஹேமாவதி முகநூலில் எழுதினாள். 'இன்று நான் ஓர் எழுத்தை அழித்தேன்' என்று தொடங்கிய அந்தப் பதிவுக்கு இதயங்கள் குவிந்தன.

புதிய செயலி முத்துராஜாவுக்கு மகாலட்சுமியைக் காட்டியது. சின்னமனூர்ப் பெண், பள்ளி ஆசிரியை. இருவரும் தேனியில் ஒரு பேக்கரியில் சந்தித்து, டீயை ஆறவிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, கட்டுனா இவளத்தான். அவளுக்கும் சம்மதம். நீ அவுக வீட்டுல பேசிரு. நீ பேசுனா அம்மா தட்டாது."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"இன்னும் என்னத்தப் பாக்கணும்?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மடிக்கணினியைத் திறந்தாள். அழித்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொன்ன பழைய மூட்டைகள் ஒன்று குறையாமல் அதில் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள். மகாலட்சுமியின் சீட்டைத் தேடி எடுத்தாள்.

எஃப்.

வெளியே வந்தாள். முத்துராஜா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"க்கும்!" என்று செருமினாள் ஹேமாவதி. "ஜாதகம் பொருந்தல தம்பி."

"ஜாதகமே இன்னும் வாங்கலையேக்கா?"

அவள் மறுபடியும் செருமினாள். அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன், செருப்பைக் கழற்றினான்.

தை மாதம் பாண்டீஸ்வரன் பத்திரிகையோடு வந்தார். மகன் தமிழ்மாறனுக்குக் கல்யாணம். மணமகள் பெயரைப் படித்துவிட்டு ஹேமாவதி நிமிர்ந்தாள். மகாலட்சுமி, சின்னமனூர்.

"சார்... இவுக... எழுத்து...?"

"அதத்தான் நீ அழிச்சிட்டியே தாயி!" பாண்டீஸ்வரன் சிரித்தார். "நம்ம ஆப்பு காட்டுனா நம்ம ஆளுகளாத்தான் இருக்கும்னு பழக்கத்துல நம்பிட்டேன். கேட்டுருவோம்னா வாசல்ல பலகை வேற தொங்குது. பூ வச்சு முடிச்ச பெறகுதான் வெவரமே தெரிஞ்சுச்சு. சோறு எறங்கல எனக்கு. வீட்டுக்காரி ஒரே போடாப் போட்டா: 'நீரு சாப்பிடாட்டிக் கெடயும், இவதான் எம் மருமக'ன்னு. இப்ப எனக்கே அந்தப் புள்ள கையால காப்பி குடிச்சாத்தான் பொழுது விடியும் போல. எழுத்து மட்டும் இருந்திருந்தா அது மொகத்தக்கூடப் பாத்திருக்க மாட்டேன். நீ நல்லாருக்கணும்!"

மகாலட்சுமி இப்போது அல்லிநகரத்தில் இருக்கிறாள்.

முத்துராஜாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.